எண்பது டிகிரியில் ஒரு திமில்

டிக்.

கண்ணைத் திறப்பதற்கு முன்பே காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பல்லி இல்லை, கடிகாரம் இல்லை, மிஷினைக் குளிர்விக்கிற குளிர்ப்பெட்டிக்குள் ரிலே சுவிட்ச் விழுகிற சத்தம். விழுந்தால் ஏழு நிமிடம் இரையும், மறுபடி ஒரு டிக், அப்புறம் ஏழு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கும். இந்த மூன்று வருஷத்தில் வெள்ளியங்கிரிக்கு அது தன் நாடி மாதிரி பழகிப்போயிருந்தது. பழகிய சத்தம் தூங்குகிறவனை எழுப்பாது, ஆனால் இன்று எழுப்பியது. எழுப்பியது சத்தம்தானா, இல்லை சத்தத்துக்கு ஒரு நொடி முன்னால் தலைக்குள் வந்து நின்ற அந்தக் கண்ணாடித் துண்டா என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஸ்லைடு. ஸ்லைடைத் துடைத்தேனா? நாற்காலியில் கண்ணை மூடியபடியே கிடந்தான். திறந்தால் எதிரில் மேசை இருக்கும், மேசைமேல் மைக்ராஸ்கோப் இருக்கும், அதன் தட்டில் ஸ்லைடு இருக்கும். சாயங்காலம் அதன் அடிப்பக்கம் அவன் நீல ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருந்தான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்திருந்தால் வட்டம் போயிருக்கும். துடைக்காவிட்டால் இருக்கும். அவ்வளவுதான் விஷயம், ஒரு இமையைத் தூக்கினால் தெரிந்துவிடும். தூக்கவில்லை. கழுத்தில் நாற்காலிக் கட்டை அழுத்திய இடம் மரத்துப்போயிருந்தது. துடைத்திருப்பேன், துடைக்காமல் என்றைக்கு விட்டேன், மூன்று வருஷத்தில் ஒருநாள் விட்டேனா, லேபை நடத்துகிற மேடமே சொல்வார்களே, வெள்ளியங்கிரி அண்ணா ஸ்லைடில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று. ரிலே மறுபடி டிக் என்றது, இரைச்சல் நின்றது. ஏழு நிமிடம் போயிருக்கிறது. ஒரு இமையைத் தூக்க ஏழு நிமிடம். கண்ணைத் திறந்தான். நீல வட்டம் இருந்தது.

ஜன்னலில் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் நின்றது. மணி ஐந்து ஐம்பது. எட்டு மணிக்குப் பக்கத்து ஃபோர்ஜிங் கம்பெனியில் இரும்பை அடிக்கிற ஹேமர் இறங்க ஆரம்பிக்கும்; இறங்கினால் இந்தத் தொழிற்பேட்டையின் தரையே சிலிர்க்கும், மைக்ராஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். அதனால்தான் இந்த வேலைக்கு ராத்திரி ஷிஃப்ட் வைத்தார்கள். கீழ்த்தளத்தில் இருக்கிற பெரிய கலோரிமீட்டருக்கு இந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது. கொள்ளு அளவு பொருளைக் கொடுத்தால் போதும், சூடாக்கி, அது எவ்வளவு சூட்டை உள்ளே வாங்குகிறது, எந்த இடத்தில் இளகுகிறது என்று பகலிலேயே சொல்லிவிடும். மேலே இருப்பது அதன் குட்டி. கட்டைவிரல் நகம் அளவு ஒரு சிப், நடுவில் வெங்காயச் சருகைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு சவ்வு, சவ்வின் நடுவே எறும்புக்கண் அளவு ஒரு அடுப்பு. அந்த அடுப்பின்மேல் தூசி போன்ற ஒரு துணுக்கை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் ஒரு நொடிக்குள் ஆயிரம் டிகிரி ஏற்றவும் இறக்கவும் அதனால் முடியும். வைப்பதுதான் பாடு. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்த இரண்டு பேர் வைத்துப் பார்த்துவிட்டு, சவ்வைக் கிழித்துவிட்டு, வேறு வேலைக்குப் போனார்கள். வாட்ச்மேனாக வந்து, ராத்திரி பொழுது போகாமல் குப்பைக்குப் போன மேனுவலை அகராதியோடு வைத்துக்கொண்டு வாசித்துக் கிடந்த வெள்ளியங்கிரிக்கு அது வந்தது. பத்தாவது படித்தவன், பதினேழு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் ராத்திரி ஷிஃப்டில் அறுந்த நூலை முடிந்தவன். விரலுக்கு அது நூல்தான். இன்னும் சின்ன நூல். இப்போது ஐம்பது நெருங்குகிறது. ஆளுக்குத் தூக்கம் மட்டும் இன்னும் எந்த ஷிஃப்டுக்கும் பழகவில்லை.

முதல் சூடு. மேனுவலில் அவனுக்குப் பிடித்த பக்கம் அதுதான். ஒரு பிளாஸ்டிக்கை முதல் தடவை சூடாக்கும்போது மட்டும்தான் அது தன்னைப் பற்றிச் சொல்லும், எங்கே கிடந்தது, எவ்வளவு வெயில் பட்டது, எத்தனை மாதம் எந்தச் சூட்டில் வெந்தது என்று. முழுக்க உருகிவிட்டால் எல்லாம் மறந்துபோகும். இரண்டாவது தடவை சூடாக்கினால் அது பிறந்த குழந்தை, கேட்டால் பேர்கூடத் தெரியாது. ராத்திரி பதினொன்றே காலுக்கு அவன் தீப்பிடித்த ஒரு குடோனிலிருந்து வந்த ஒயர்த்தோல் துணுக்கின் முதல் சூட்டைப் பார்த்தான். கோடு நேராக ஏறி, எண்பது டிகிரி தாண்டியதும் லேசாகத் தோளைத் தூக்கி, காங்கேயம் காளையின் திமில் மாதிரி ஒரு சின்ன மேடு காட்டிவிட்டு, அப்புறம் பெரிய மலையாக உருகியது. திமில் என்பது அவன் வைத்த பெயர். மேடம் அதற்கு இங்கிலீஷில் என்னவோ சொல்வார்கள். திமில் இருந்தால் அந்த ஒயர் மாதக்கணக்கில் எண்பது டிகிரியில் வெந்துகொண்டே கிடந்தது என்று அர்த்தம், ஒரு லைனில் தாங்காத அளவு மிஷின்களை மாட்டி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். திமில் இல்லாவிட்டால் ஒயர் அன்றுவரை குளிர்ந்துதான் கிடந்தது, தீ ஏதோ ஒரு ஜாயின்டில் ஒரே ராத்திரியில் பிடித்தது என்று அர்த்தம். திருப்பூரில் ஒரு பனியன் குடோன். உள்ளே படுத்திருந்த லோடுமேன் ஆறுச்சாமி, வயது ஐம்பத்தொன்று, வெளியே வரவில்லை. பெயர் ஃபைலில் இருந்தது. ஜாயின்ட் போட்ட எலக்ட்ரீஷியன் ஜாமீனில் இருக்கிறான். இன்சூரன்ஸ் கம்பெனியின் அசெசர் அனுப்பிய குப்பியில் இருந்தது இரண்டே துணுக்கு, ஜங்ஷன் பாக்ஸின் கிளாம்புக்கு அடியில் தீ தொடாமல் தப்பியது, கண்ணால் பார்த்தால் குப்பி காலி. திமிலை செல்போனில் படம் பிடித்து மேடத்துக்கு அனுப்பினான். 'சூப்பர் அண்ணா, காலையில ரிப்போர்ட் போட்டுடலாம், பதினொரு மணிக்கு அசெசர் வர்றார்' என்று பதில் வந்தது. அதற்கப்புறம் மிஷின் தன்பாட்டுக்கு அதே துணுக்கை உருக்கி, குளிர்வித்து, உருக்கி, குளிர்வித்து, இந்நேரம் இருநூறு தடவை ஆகியிருக்கும். அதனிடம் இனி எதையும் கேட்க முடியாது.

துணுக்கை எடுப்பது இமை முடியால். எந்தக் கடையிலும் விற்கிற ஊசியோ பிரஷ்ஷோ இதற்கு உதவாது, சவ்வைக் குத்திவிடும். ஒரு இமை முடியைத் தீக்குச்சி நுனியில் பசை வைத்து ஒட்டினால், அதன் வளைவில் துணுக்கு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் தன்னுடையதைப் பிடுங்கிப் பார்த்தான், முரடாக இருந்தது. வீட்டில் மனைவி பூவாத்தாளிடம் கேட்டான். "கண்ணையே கேட்டாலும் குடுத்துருப்பேன், முடி எதுக்குங்க?" என்று சிரித்துக்கொண்டே இரண்டு பிடுங்கிக் கொடுத்தாள். அதில் ஒன்று இன்னும் ஓடுகிறது. அவளுக்குப் பகல் வேலை, இவனுக்கு ராத்திரி வேலை, வாரத்தில் ஆறு நாள் அவர்கள் சந்தித்துக்கொள்வது ஒரே சாவியில்தான், பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிற சாவி. ஆனால் ராத்திரி முழுக்க அவளுடைய இமை இவன் கையில் இருக்கிறது, இதை அவளிடம் சொன்னதில்லை, சொன்னால் தூங்காமல் பைத்தியம் பிடித்துவிட்டது என்பாள். நேற்று சாயங்காலம் அந்த முடியை வைத்துக்கொண்டுதான் ஒப்பிட்டுப் பார்க்கிற துணுக்குகளைத் தயார் செய்தான். அதே கம்பெனியின் அதே ரகப் புது ஒயரை வாங்கி, நாலு நாள் எண்பது டிகிரிச் சூட்டுத் தட்டில் வேகவைத்து, திமில் எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்கு. பிளேடால் சீவினான். நீல வட்டத்துக்குள் வைத்தான். இரண்டா, மூன்றா. இரண்டை எடுத்து இரண்டு சிப்பில் வைத்து ஓட்டினான், அது நிச்சயம், கம்ப்யூட்டரில் இரண்டு கோடு இருக்கிறது. சீவியது இரண்டா மூன்றா. சீவிக்கொண்டிருக்கும்போதுதான் செல்போன் அதிர்ந்தது, பூவாத்தாள். ஷிஃப்ட் நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் இல்லை. "ஏனுங்க, வேலையா இருக்கீங்களா? ஒண்ணுமில்லீங்க. நம்ம மில்லு மாரக்கா இருந்துச்சல்ல. மத்தியானம் போயிருச்சாமா." சரி என்றான். "நாளைக்குக் காலம்பற எடுக்கறாங்களாமா. நீங்க வந்து எழுப்புங்க, போயிட்டு வந்துரலாம்." சரி என்றான். போனை வைத்துவிட்டுத் திரும்பவும் பிளேடை எடுத்தான். பிளேடை எடுத்தபோது வட்டத்துக்குள் ஒன்று இருந்ததா இரண்டு இருந்ததா. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, மனசு அங்கே உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்புறம் நினைவில் இருப்பது பத்தரை மணி. குப்பியைத் திறந்து குடோன் துணுக்கு ஒன்றை அதே ஸ்லைடில் கொட்டினான், முடியால் தொட்டு எடுத்தான், சிப்புக்குக் கொண்டுபோகும் வழியில் மூச்சு வந்துவிட்டது. வைக்கும்போது இருபது எண்ணும்வரை மூச்சை அடக்குவான். நேற்று பதினாலிலேயே மூச்சு வந்தது. முடியில் துணுக்கு இல்லை. ஸ்லைடில் பார்த்தான், ஒன்று கிடந்தது. அட, இங்கேயே விழுந்துவிட்டது என்று நினைத்தான். நினைத்துத்தான் எடுத்து வைத்தான். மூன்று சீவியிருந்தால், அது தட்டில் வெந்த மூன்றாவதாகவும் இருக்கலாம்.

மாரக்காளுடைய கை. வலது கை, மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை மேலே. கார்டிங் மிஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டதென்று உள்ளே விட்டாள், உருளை இழுத்துக்கொண்டது, பதினெட்டு வருஷம் ஆகிறது. மிஷினை நிறுத்தியவன் வெள்ளியங்கிரி. கம்பி மூடி கழன்று மூன்று நாளாய்ச் சுவரோரம் சாத்திக் கிடந்தது, அதில் யாரோ துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். அந்தத் துண்டின் சிவப்புக் கரைகூட ஞாபகம் இருக்கிறது. சூப்பர்வைசர் ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். மூடி போட்டிருந்தது, மேற்படி தொழிலாளி தானாகக் கழற்றிக் கையை விட்டார், நான் நேரில் பார்த்தேன். "கையெழுத்துப் போடு கிரி. இல்லீனா ஷிஃப்டுல இருந்த எல்லாத்துக்கும் வேலை போகும்." போட்டான். பேனா நன்றாக எழுதியது, அதுவும் ஞாபகம் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போகிற பேனா. மாரக்காளுக்கு அந்தத் தாளால் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் இவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூன்று வருஷம் கழித்துச் சந்தையில் பார்த்தபோது இடது கையால் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள், "கிரி, நல்லாருக்கியா? இந்தப் பையைச் சித்த விரிச்சுப் புடி" என்றாள். விரித்துப் பிடித்தான். ஒவ்வொன்றாகப் போட்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். என்ன சொல்லியிருப்பான் என்று பதினெட்டு வருஷமாக ராத்திரிகளில் வாக்கியம் அமைத்துக்கொண்டிருக்கிறான், ஒன்றும் முழுதாய் முடியவில்லை. இப்போது அவளும் இல்லை. வாக்கியம் அமைக்கிற வேலை அதோடு தீர்ந்துவிட்டதா, இல்லை இனிமேல்தான் தொடங்குகிறதா. டிக். இரைச்சல் நின்றது. ஆறு ஐந்து.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். அன்றைக்கு ஒரு பொய்த்தாள் ஒரு தொழிலாளிக்கு எதிராகப் போயிற்று. இன்றைக்கு ஒரு தாள் ஒரு தொழிலாளிக்கு ஆதரவாகப் போகிறது. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, குடோன் துணுக்காகவே இருக்கலாம். இரண்டுதான் சீவியிருக்கலாம். வழக்கமாக இரண்டுதானே சீவுவேன். வழக்கமாகத் துடைக்கவும்தானே செய்வேன். மாரக்காளின் கை ஒரு தட்டில், எலக்ட்ரீஷியனின் விடுதலை ஒரு தட்டில், தராசு சமமாக நிற்கிறது, யாருக்கு நஷ்டம். குடோன் முதலாளிக்கு. அவன் மிஷின்மேல் மிஷினாக மாட்டியிருக்க மாட்டானா, மாட்டாத முதலாளி எங்கே இருக்கிறான். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வழுக்கிக்கொண்டு போவதை வெள்ளியங்கிரி கவனித்தான். நன்றாக எழுதுகிற பேனா மாதிரி. எழுந்து நின்றான். ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் பட்டுப் பனி படர்ந்தது, துடைக்கக் கையைத் தூக்கி, துடைக்காமல் இறக்கினான்.

கதவு ஒரு தட்டுக்கூட இல்லாமல் திறந்தது. செபாஸ்டின், கேட்டில் இருக்கிற வாட்ச்மேன், கையில் இரண்டு கிளாஸ் டீ. வெள்ளியங்கிரி வாட்ச்மேனாக இருந்தபோது இருவரும் ஒரே ஸ்டூலை மாற்றி மாற்றி உட்கார்ந்தவர்கள், அந்த ஸ்டூலை விட்டு இவன் மாடிக்கு ஏறியதை அவர் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. "என்னங்க விஞ்ஞானி, தூசிக்குக் காய்ச்சல் பாத்தாச்சா? எத்தனை டிகிரி?" என்றார். "எம்பது" என்றான். "எம்பதா? அப்ப பொழைக்காது. சொந்தக்காரங்களுக்குச் சொல்லியனுப்பிருங்க." மேசைமேல் ஒரு கிளாஸை வைத்தார். ஸ்லைடுக்கு ஒரு ஜாண் தள்ளி. வழக்கமாக இவன் சத்தம் போடுவான், ஆவி படும், தள்ளி வையுங்கள் என்று. இன்று போடவில்லை. "ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்குது?" "மில்லுல கூட வேலை செஞ்ச அக்கா ஒண்ணு தவறிப்போச்சுங்க." "அட. வயசானவிங்களா?" "அறுபது இருக்குமுங்க." "கும்புட்டுட்டுப் போங்க, என்ன பண்றது. டீயைக் குடிங்க, ஆறுது." கதவுவரை போனவர் திரும்பினார். "நேத்து சாயங்காலம் ஒரு ஆளு வந்தான்ல, எலக்ட்ரீஷியன், பிளாஸ்டிக் கவரை வெச்சுக்கிட்டு. ராத்திரி ஒம்பது வரைக்கும் எதிர்த்த டீக்கடையிலயே உக்காந்திருந்தான். உள்ள விட முடியாதுன்னு எத்தனை வாட்டி சொன்னாலும், உள்ள வரலீங்க, சும்மா இருக்கேனுங்கன்னு. வெறுமனே இந்த மாடி லைட்டைப் பாத்துக்கிட்டு." போய்விட்டார்.

தெரியும். அவனோடு அதே பெஞ்சில் ஏழு மணிக்கு வெள்ளியங்கிரியும் உட்கார்ந்திருந்தான். ஆள் நாற்பதுக்குள், சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது, வேலை இல்லாத மனுஷனுக்கு டெஸ்டர் எதற்கு என்று தோன்றியது. பெயர் சென்னியப்பன் என்று அவன் சொல்வதற்கு முன்பே ஃபைலில் வாசித்தது. "நீங்க இந்தக் கம்பெனிங்களா?" என்று கேட்டான். "ராத்திரி ஆளுங்க" என்றான் வெள்ளியங்கிரி, அது பொய் இல்லை. "உள்ள பெரிய டாக்டரம்மா பாக்கறாங்களாமா. அவிங்க கையிலதான் இருக்குதுன்னு வக்கீல் சொல்றாரு." "இருக்குமுங்க." கொஞ்ச நேரம் டீயைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அப்புறம் யாரும் கேட்காமலே சொன்னான். "பதினாலு ஜாயின்டுங்க. பதிமூணு நல்லா ஞாபகம் இருக்குது. ஒயர் நுனிக்கு லக் போட்டு, அழுத்தி, மூணு சுத்து டேப். கடைசி ஒண்ணு போடறப்ப சம்சாரம் போன் பண்ணுச்சு, பாப்பாவுக்குக் காய்ச்சல்னு. பேசிக்கிட்டே போட்டேன். அழுத்துனனா இல்லையான்னு..." கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு முறை அழுத்திப் பார்த்தான், விரலுக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்பவன் மாதிரி. "கண்ணை மூடுனா அழுத்தற மாதிரியும் வருது, அழுத்தாத மாதிரியும் வருது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க." டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "ஜெயிலுக்குப் போகோணும்னா போறேனுங்க. நான்தானா இல்லையான்னு தெரிஞ்சு போகோணும். தெரியாம வெளிய இருந்தாலும் என்னங்க." காசு கொடுக்கப் போனபோது இவனுடையதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான், வேண்டாம் என்று சொல்வதற்குள். அந்த டீயை உள்ளே வைத்துக்கொண்டுதான் வந்து ஒயரைச் சீவினான். அப்புறம் போன் வந்தது. அங்கே ஒரு போன், இங்கே ஒரு போன். அவனுக்குப் பதினாலாவது ஜாயின்ட், எனக்கு மூன்றாவது துணுக்கு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க.

குப்பியை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். ஒன்று இருக்கிறது, அடியில், ஓரமாக. இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும். இதன் முதல் சூடு இன்னும் செலவாகவில்லை. உள்ளே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஆறு மாதமாகச் சும்மா கிடக்கிறது, எண்பதில் வெந்ததா, வேகாமலே குளிர்ந்து கிடந்ததா என்று அதற்குத் தெரியும். எடுத்து வைத்தால் ஒரு நொடிகூட ஆகாது, சொல்லிவிடும். திமில் வந்தால் நேற்றைய கோட்டுக்கு இது சாட்சி, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால். வராவிட்டால் அந்தப் பெஞ்சும் அந்த டெஸ்டரும் ஞாபகத்தில் எங்கே போய் உட்காரும். மாரக்காளின் தக்காளிப் பைக்குப் பக்கத்தில் உட்காரும். மூச்சில் பறந்துவிட்டால் ஒன்றுமே இல்லை, நேற்றைய கோடும் செல்லாது, இதுவும் இல்லை, அவன் காலத்துக்கும் விரலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எடுக்காமல் விட்டால் பதினொரு மணிக்கு அவன் விடுதலைக்கு வழி பிறக்கும். யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்காததுதான் பதினெட்டு வருஷமாக. குப்பியை வைத்தான். எடுத்தான். ஆறு நாற்பது. வெளியே ஃபோர்ஜிங் கம்பெனிக்காரர்களின் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்து சாயும் சத்தம். டிக். இந்த ரிலேவை யாராவது மாற்றக் கூடாதா.

செபாஸ்டின் கிளாஸ் எடுக்க வந்தார். "என்னங்க இது, அப்படியே இருக்குது. ஏடு கட்டிப்போச்சு." வெள்ளியங்கிரி கிளாஸைப் பார்த்தான். நிஜமாகவே நிறைந்திருந்தது. ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. "மறுபடியும் தூசி புடிக்கப் போறீங்களாக்கும்" என்றார் செபாஸ்டின், சாதாரணமாக, கிளாஸைத் தூக்கிக்கொண்டே. துணுக்கு வைக்கப்போகிற நேரத்தில் வெள்ளியங்கிரி டீ குடிக்க மாட்டான், விரல் நுனி துடிக்கும் என்பான், அது இந்தக் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும். நேற்று அந்தப் பெஞ்சில்தான் மறந்து குடித்தான். இன்று குடிக்காமல் விட்டதை அவன் யோசித்துச் செய்யவில்லை. டீ வந்தது ஆறே கால். அப்போதே கை முடிவு பண்ணியிருக்கிறது, தலைதான் அரை மணி நேரமாய் ஜன்னலோரம் நின்று தராசு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "ஆமாங்க" என்றான். "கதவைச் சாத்திட்டுப் போங்க, காத்து வருது."

மேடத்தைப் போனில் கூப்பிட்டான். நாலாவது ரிங்கில் எடுத்தார்கள், தூக்கக் குரல். மேடம் பெயர் பிரமீளா, இவனைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர், ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. "சொல்லுங்கண்ணா, மிஷின் நின்னுடுச்சா?" "இல்லீங்க மேடம். ராத்திரி முதல் சூடு செல்லாதுங்க. ஸ்லைடு துடைக்காம வெச்சுட்டேன். நம்ம தட்டுல வேகவெச்ச துணுக்கா இருந்தாலும் இருக்குமுங்க." அந்தப் பக்கம் கட்டில் அசைகிற சத்தம். "நிச்சயமா சொல்றீங்களா?" "நிச்சயமா இல்லீங்க மேடம். அதுதாங்க சொல்றேன்." மேடம் விளக்கு சுவிட்சைத் தட்டுவது கேட்டது. "இன்னும் ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு. அதுல திமில் வரலைன்னா?" அவர்கள் வாயில் அந்தச் சொல் வருவது இதுதான் முதல் தடவை. "வரலைன்னு எழுதோணுமுங்க." "வைக்கும்போது பறந்துட்டா?" "பறந்துருச்சுன்னு எழுதோணுமுங்க." மேடம் பெருமூச்சு விட்டது போனில் காற்றாகக் கேட்டது, துணுக்கு என்றால் பறந்திருக்கும். "நாளைக்கு ராத்திரி செய்யலாமாண்ணா? அசெசர்கிட்ட ஒரு நாள் கேக்கறேன்." யோசித்தான். நாளைக்கு ராத்திரிவரை இதை வைத்துக்கொண்டிருந்தால் மறுபடி தராசு வரும். "எட்டுக்குத்தானுங்க ஹேமர். நேரம் இருக்குது. நான் டீ குடிக்கலீங்க" என்றான். "சரி" என்றார்கள். "நான் கிளம்பி வர்றேன். நீங்க வெய்யுங்க."

பதிவு நோட்டை இழுத்து, நேற்றைய பதினொன்றே கால் வரிக்கு எதிரே எழுதினான்: துணுக்கு எது என்று உறுதியில்லை, ஸ்லைடு துடைக்கவில்லை, வெ.கி. பேனா இரண்டு இடத்தில் நின்று நின்று எழுதியது, உதறி உதறித்தான் முடிக்க வேண்டியிருந்தது. பூவாத்தாளை எழுப்ப வேண்டும், மாரக்காளை எடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும், இதை முடித்துவிட்டு எட்டரை பஸ்ஸைப் பிடித்தால் போகலாம், போகாமலும் போகலாம். குளிர்ப்பெட்டி டிக் என்று நின்றது. ஏழு நிமிடம் சத்தம் இருக்காது. அலமாரியைத் திறந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தான், டிஷ்யூவை நாலாக மடித்தான், ஓரத்தை நனைத்தான். ஸ்லைடை விளிம்பில் பிடித்து, எப்போதும்போல மேலிருந்து கீழாக, ஒரே பக்கமாக, முதல் தடவை துடைத்தபோது நீல வட்டம் கலங்கியது. டிஷ்யூவைத் திருப்பி மடித்து இரண்டாம் தடவை துடைத்தான், போய்விட்டது. புது டிஷ்யூ எடுத்து மூன்றாம் தடவை துடைத்தான்.